இரண்டு பத்துக்கு நின்ற கடிகாரம்

பிப்ரவரி 4

அன்பு மருமகளுக்கு,

நாற்பத்தேழு தடங்களையும் நூற்று முப்பது பேருந்துகளையும் ஒரே ஒரு விசிலால் ஆட்டிவைத்த உன் மாமன் எழுதுவது. நான் நலம். உன் அத்தை என்னைவிட நலம். அதில் எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, லிஃப்டைப் பழுது பார்க்க உள்ளே தலையை விடும்போது கரண்டை அணைத்துவிட்டுத்தான் விடுகிறாயா என்று அவள் கேட்கச் சொன்னாள்.

ஒரு சின்னச் செய்தி. படித்துவிட்டுக் குதிக்காதே. போன மாதம் ஒரு காலை நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது என் இடது கை, முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் விடுப்பில் போய்விட்டது. போகிற போக்கில் என்னையும் கீழே தள்ளிவிட்டது. ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் ராஜ மரியாதை. தலைக்குள் ஏதோ ரத்தக்குழாய் அடைப்பு என்றார் டாக்டர். என் தலைக்குள் இவ்வளவு விஷயம் இருந்தால் அடைக்காமல் என்ன செய்யும்? இப்போது கால் நடக்கிறது. வாயும் நடக்கிறது; அதுகூட நிற்கவில்லையே என்று அத்தைக்குத்தான் வருத்தம். கையில் மட்டும் இரண்டு விரல் கொஞ்சம் சோம்பல்.

ஜூன் இருபதாம் தேதி டெப்போ டாக்டர் என்னைப் பரிசோதிப்பார். இரண்டு கையும் வேலை செய்தால் மறுபடி பேருந்து நிலையத்துக் கூண்டு, நாற்காலி, விசில், டைம் கீப்பர் பதவி. இல்லையென்றால் வீட்டு நாற்காலி. அதில் எனக்கு முன்பே பூனை உட்கார்ந்திருக்கிறது.

விஷயம் இதுதான். விழுந்த அன்று என் பழைய கடிகாரம் வாஷ்பேசினில் மோதி உயிர்விட்டது. கடிகாரம் இல்லாத டைம் கீப்பர் கிரீடம் இல்லாத சக்கரவர்த்தி. நீ இருக்கும் ஊரில்தான் கடிகாரக் கடைகள் வரிசையாக இருக்கின்றனவாமே. எனக்கு ஒன்று தேர்ந்தெடு. நிபந்தனைகள் நான்கே நான்கு:

தினமும் கட்டக்கூடியதாக இருக்க வேண்டும், கல்யாணத்துக்கு மட்டும் வெளியே வரும் ரகம் வேண்டாம். சாவி திருகும் வேலை கூடாது. ஒரு கை பிடிக்க, ஒரு கை திருக என்று அதற்கு இரண்டு ஆள் வேண்டும். வார்ப்பட்டை கூடாது, இழுத்தால் விரியும் சங்கிலிதான் வேண்டும். பேட்டரி கூடவே கூடாது. பேட்டரிக் கடிகாரம் சுவரில் ஆணியில் தொங்கினாலும் ஓடும். ஆணிக்கும் எனக்கும் வித்தியாசம் தெரியாத ஒன்றை நான் ஏன் கட்ட வேண்டும்? கை அசைந்தால் தானே சாவி ஏறுமாமே, அந்த வகை பார்.

விலை? சக்கரவர்த்திதான், ஆனால் மருத்துவ விடுப்பில் இருக்கும் சக்கரவர்த்தி. அதை மனதில் வை.

உன் நலத்தையே நினைக்கும்,
மாமா


பிப்ரவரி 19

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலம். கரண்டை அணைத்துவிட்டுத்தான் தலையை விடுகிறேன். அத்தையிடம் சொல்லுங்கள்.

உங்கள் மேல் கோபத்தில் இருக்கிறேன். ஒரு மாதம் கழித்து, கடிகாரம் வாங்கும் கடிதத்தின் நடுவில், "பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது" என்று எழுதுகிறீர்கள். நான் உங்கள் வீட்டிலேயே வளர்ந்தவள்தானே? இரண்டு விரல் சோம்பல் என்றால் எந்த இரண்டு விரல்? நான் வரட்டுமா? லிஃப்ட் மெக்கானிக் லைசென்ஸ் பரீட்சை ஜூன் பதினெட்டோடு முடிகிறது. நடுவில் ஒரு வாரம் விடுப்பு எடுத்தால் இந்த வருடம் எழுத முடியாது என்று ஃபோர்மேன் சொல்கிறார். ஆனாலும் நீங்கள் வா என்றால் வருகிறேன்.

கடிகாரம். எங்கள் வேலையிடத்துக்குப் பின் தெருவில் மாடிப்படிக்குக் கீழே ஒரு கடை. உள்ளே ஒருவர் மட்டும்தான் உட்கார முடியும். வாங்குபவர் தெருவில்தான் நிற்க வேண்டும். கடைக்காரர் ஒரு கண்ணில் லென்ஸ் மாட்டிக்கொண்டு மற்றொரு கண்ணால் என்னைப் பார்த்தார்.

"யாருக்கும்மா?"

"என் மாமாவுக்கு. தினம் கட்ட. ஆட்டோமேட்டிக் வேணும், விலை கம்மியா."

"எல்லாரும் இதத்தான் கேக்குறாங்க. தங்கம் வேணும், தகரம் விலையில."

"தகரமே போதும், ஓடினா சரி."

அவர் சிரித்துவிட்டார். மூன்று எடுத்து வைத்தார். ஒன்று தங்க நிறம், சாப்பாட்டுத் தட்டு அளவு. உங்களுக்குப் பிடிக்கும், அதனாலேயே வேண்டாம். இன்னொன்று மெலிசானது, கண்ணைப் பறித்தது, ஆனால் தினமும் சாவி கொடுக்க வேண்டியது. மூன்றாவது சாதாரணமானது. வெள்ளை முகம், பன்னிரண்டு கறுப்பு எண்கள், தேதி, விரியும் சங்கிலி. மழையில் நனைந்தால் ஒன்றும் ஆகாது, குளிக்கும்போது மட்டும் கழற்ற வேண்டுமாம். பின்மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே அரைவட்டத் தகடு ஒன்று, கை அசைந்தால் சுற்றுகிறது, அது சுற்றினால் சுருள்வில் இறுகுகிறது. முழுக்க இறுகினால் நாற்பது மணி நேரம் ஓடுமாம். லிஃப்டின் எதிர்எடை மாதிரிதான், எனக்கு உடனே பிடித்துவிட்டது. இரண்டாவதைவிட முகம் சுமார்தான். ஆனால் இவர் இந்தத் தெருவில் எத்தனை வருடமாகப் பழுது பார்க்கிறாரோ, "இது பழுதுன்னு திரும்பி வராது" என்று சொன்னார். எனக்கு அந்தப் பேச்சு போதும்.

எந்தக் கையில் கட்டுவீர்கள்? சங்கிலியில் எத்தனை கண்ணி எடுப்பது என்று கேட்கிறார்.

அன்புடன்,
உங்கள் லிஃப்டுக்காரி


மார்ச் 6

அன்பு மருமகளுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை சபையில் வாசித்தேன். சபை என்றால் நான், அத்தை, பூனை. மூன்றாவது கடிகாரமே தேர்வு செய்யப்பட்டது. பூனை மட்டும் தட்டு அளவுக் கடிகாரத்துக்கு ஓட்டுப் போட்டது, அதில் படுத்துக்கொள்ளலாம் என்று.

வரட்டுமா என்று கேட்டாய். வந்து என்ன செய்வாய்? என் விரலுக்கு எண்ணெய் போட்டு கேபிள் மாற்றுவாயா? பரீட்சை எழுது. லைசென்ஸோடு வந்தால் உன்னைப் பேருந்து நிலையத்தில் பதினேழு பேருந்துகள் ஹாரன் அடித்து வரவேற்கும், நான் ஏற்பாடு செய்கிறேன். லைசென்ஸ் இல்லாமல் வந்தால் ஆட்டோகூடக் கிடைக்காது, அதையும் நானே ஏற்பாடு செய்வேன்.

கண்ணியெல்லாம் எடுக்க வேண்டாம். கொஞ்சம் தொளதொளவென்று இருந்தால்தான் அழகு.

ஒற்றைக்கண்ணரை நான் விசாரித்ததாகச் சொல்.

நல்லாயிரு,
மாமா


ஏப்ரல் 2

அன்பு மருமகளுக்கு,

பார்சல் வந்தது! தபால்காரர் கதவைத் தட்டியபோது நான் எழுந்த வேகத்தில் வீடே குலுங்கி, எதிர்வீட்டில் இரண்டு படங்கள் கோணலாகிவிட்டன. உன் அத்தை கத்தரிக்கோலைத் தேடினாள். நான் காத்திருக்கவில்லை. வலது கையும் பல்லும் இருக்கும்போது மனிதனுக்கு வேறென்ன கருவி வேண்டும்?

என்ன கடிகாரம்! நொடி முள் எறும்பு மாதிரி நிற்காமல் நகர்கிறது. காதில் வைத்தால் தூரத்தில் யாரோ ஓடிவரும் சத்தம். முகம் சுமார் என்று எழுதியிருந்தாயே, உன் மாமனுக்கும் அதே முகம்தான், ஜோடிப் பொருத்தம். அன்று மாலை தெருக்கோடி வரை நடந்தேன். மணி கேட்காதவர்களுக்கெல்லாம் மணி சொன்னேன். ஒருவர் பயந்துகொண்டு எதிர்ப்பக்கம் கடந்துவிட்டார்.

ஒரே ஒரு சின்ன விஷயம். நீ கவலைப்படும் அளவுக்கு இல்லை. காலை ஆறு மணிக்கு நூறு முறை குலுக்கிக் கட்டுகிறேன், மத்தியானம் இரண்டு பத்துக்கு நின்றுவிடுகிறது. இவ்வளவு தூரம் பயணம் செய்து வந்த களைப்பாக இருக்கும்.

வாழ்க,
மாமா


ஏப்ரல் 14

அன்புள்ள மாமாவுக்கு,

நலமா? கை எப்படி? போன கடிதத்தில் கையைப் பற்றி ஒரு வரியும் இல்லை. இந்த முறை எழுதுங்கள்.

களைப்பா? கடிகாரத்துக்கா? இரண்டு பத்து என்று படித்ததும் நேரே கடைக்குப் போய்ச் சண்டை போட்டேன். தெருவில் நின்று கத்தினால்தானே அவருக்குக் கேட்கும், அதனால் தெருவுக்கே கேட்டது.

"திரும்பி வராதுன்னு சொன்னீங்களே, நின்னு போச்சு!"

"கட்டிக்கிட்டா ஓடுமேம்மா. கழட்டி அலமாரில வெச்சிருப்பார்."

"எங்க மாமா கடிகாரத்த அலமாரில வெக்கிற ஆளா? அவர் டைம் கீப்பர்!"

"அப்ப என்னிக்கு எத்தன மணிக்குக் கட்டினார், எத்தன மணிக்கு நின்னுது, ரெண்டு வாரத்துக்கு எழுதி அனுப்பச் சொல்லும்மா. பாத்துட்டுத்தான் பிரிப்பேன்."

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. ஒரு லிஃப்ட் நடுவில் நின்றால் நாங்களும் முதலில் அதைத்தான் செய்வோம். பிரிக்க மாட்டோம், எந்த மாடியில், எந்த நேரத்தில் என்று எழுதுவோம். ஒரு நோட்டுப் போடுங்கள். இப்போது செய்வது போலவே தினமும் காலை ஆறு மணிக்குச் சரியாக நூறு முறை குலுக்கிவிட்டுக் கட்டுங்கள். அப்படித் தொடங்கினால் எல்லா நாளும் ஒரே அளவில் தொடங்கும். நின்ற நேரத்தை எழுதுங்கள்.

மாமா, நீங்கள் வாயைத் திறந்தால் பத்தில் ஒன்றுதான் நிஜம் என்று தெருவுக்கே தெரியும். ஆனால் உங்கள் ரிஜிஸ்டரில் ஒரு நிமிடம் பொய் எழுதி யாரும் பார்த்ததில்லை. அமைச்சரின் பேருந்து நான்கு நிமிடம் தாமதம் என்று எழுதி மாற்றலாகிப் போனவர் நீங்கள். அந்த ரிஜிஸ்டர்தான் எனக்கு வேண்டும்.

எந்தக் கையில் கட்டியிருக்கிறீர்கள் என்பதற்கு இன்னும் பதில் இல்லை.

அன்புடன்,
லிஃப்டுக்காரி


மே 5

என் அருமை மருமகளே,

உலகத்தில் உள்ள எல்லா விசில்களையும் ஒரே நேரத்தில் ஊது! ரிஜிஸ்டர் இதோ. தேதி மேல் தேதியாக என் கையால் எழுதியது.

ஏப்ரல் 18 — 2.10
19 — 2.10
20 — 2.10
21 — 2.25
22 — 2.25
23 — 2.50
24 — 3.05
25 — 3.05
26 — 3.30
27 — 3.50
28 — 4.10
29 — 4.10
30 — 4.40
மே 1 — 5.00
2 — 5.20
3 — 5.35

பார்த்தாயா? கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்! ஐந்து முப்பத்தைந்து! மூன்றாம் தேதி மாலை நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்து முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து மணி தாண்டியது. ஐந்தேகால் தாண்டியது. தடம் பன்னிரண்டு மலைப்பாதையில் ஏறி வருவது மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டு வந்தது. ஐந்து முப்பத்தைந்துக்கு நின்றபோது நான் போட்ட சத்தத்தில் பூனை இரண்டு நாள் வீட்டுக்கு வரவில்லை.

அத்தை ஏனோ அழுதாள். பெண்களுக்குச் சந்தோஷம் வந்தாலும் அதே தண்ணீர்தான் போலிருக்கிறது.

இதே வேகத்தில் போனால் ஜூன் பத்துக்குள் இரவெல்லாம் ஓடும். டெப்போவுக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன், என் நாற்காலிக்கு எண்ணெய் போட்டு வையுங்கள் என்று. இப்போது அதில் உட்கார்ந்திருக்கும் இளவரசர் வேறு இடம் தேடட்டும்.

ஆனந்தத்தில் கையெழுத்து கோணுகிறது,
மாமா


மே 16

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். பரீட்சையின் முதல் பகுதியான எழுத்து முடிந்தது, தேறிவிட்டேன். ஜூன் பதினெட்டாம் தேதிச் செய்முறைதான் பாக்கி.

ரிஜிஸ்டரைப் பார்த்தேன். எனக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. ஐந்து முப்பத்தைந்துக்கு நிற்கும் கடிகாரமும் நிற்கும் கடிகாரம்தானே? நாற்பது மணி நேரம் ஓட வேண்டியது பன்னிரண்டு மணி நேரம்கூட ஓடவில்லை. நீங்கள் திருவிழா கொண்டாடுகிறீர்கள்.

கடைக்காரர் தாளை வெகு நேரம் பார்த்தார். லென்ஸைக் கழற்றிவிட்டு இரண்டு கண்ணாலும் பார்த்தார்.

"இது கடிகாரத்துக் கோளாறு மாதிரி தெரியலம்மா. கெட்டுப்போன கடிகாரம் நாளுக்கு நாள் இவ்வளவு ஒழுங்கா முன்னேறாது. நூறு குலுக்கலுக்கு எட்டு மணி நேரம், அது சரியா இருக்கு. அதுக்கு மேல கையிலேர்ந்துதான் வரணும்." தாளை மடித்துக்கொண்டே, "மாமா படுத்த படுக்கையாம்மா?" என்றார்.

அவரைத் திட்டிவிட்டேன். தெருக்கோடி வரை நடக்கிறவர், எழுந்தால் வீடு குலுங்கும், என்ன பேச்சு பேசுகிறீர்கள் என்று. அனுப்பினால் மாற்றித் தருகிறேன் என்று மட்டும் சொன்னார். உடனே அனுப்புங்கள்.

திட்டிவிட்டு வந்ததிலிருந்து ஒரு மாதிரியாக இருக்கிறது. மாமா, கையைப் பற்றி எழுதுங்கள்.

அன்புடன்,
லிஃப்டுக்காரி


மே 29

கண்ணு,

நல்லாயிருக்கியா? நாங்க இருக்கோம். எனக்குக் கடுதாசி எழுதிப் பழக்கமில்ல, பேசற மாதிரியே எழுதறேன். இது மாமாவுக்குத் தெரியாம எழுதறது. பதில் போட்டா மேல்வீட்டு டீச்சர் பேருக்குப் போடு. வீட்டுக்கு வர்றத எல்லாம் அவர்தான் பல்லால கிழிக்கிறார்.

கடிகாரத்த அனுப்பச் சொல்லியிருக்க. அனுப்ப வேணாம். அதுல ஒரு குறையும் இல்ல. அவர் அத இடது கையில கட்டியிருக்கார்.

ரெண்டு விரல் இல்லடி. கை முழுக்கத்தான். தோள்லேர்ந்து ஒண்ணும் இல்ல. நடந்தா அது பாட்டுக்குத் தொங்கும், அதனால ஒரு பக்கமா தூக்குத்துணி போட்டு மார்போட கட்டித்தான் நடக்கறார். கிள்ளினாலும் தெரியாது. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் வராதுன்னுட்டார். இவர், "அந்த ஆளுக்கு என் கைய எத்தன நாளாத் தெரியும்? எனக்கு அம்பத்திநாலு வருஷமா தெரியும்"னு சொல்லிட்டு வந்துட்டார்.

கை அசைஞ்சாத்தான் ஓடும்னு யாரோ சொல்லக் கேட்டுத்தான் அந்தக் கடிகாரம் வேணும்னார். "பாத்துக்கிட்டே இரு, நான் பாக்காத நேரத்துல அது திருட்டுத்தனமா அசையும், கடிகாரம் காட்டிக்குடுத்துடும்"பார். காலையில வலது கையால நூறு தரம் குலுக்குவார், அப்புறம் இடது கைய மடியில எடுத்து வெச்சுக்கிட்டு மாட்டிவிடுவார், குழந்தைக்கு மாட்ற மாதிரி. ரெண்டு பத்துக்கு நின்னதும் நோட்டுல எழுதிட்டு, அப்புறம் சாயங்காலம் வரைக்கும் வாயே திறக்க மாட்டார். உன் மாமா வாயத் திறக்காம இருந்து நீ பாத்திருக்கியா? என்னால தாங்க முடியல கண்ணு.

ஒரு மணிக்குச் சாப்பிட்டதும் தூங்குவார். அப்ப நான் பக்கத்துல உக்காந்து அந்தக் கைய எடுத்து ஆட்டினேன். முதல் நாள் பத்து தரம். ஒரேயடியா கூட்டினா சந்தேகம் வரும்னு கொஞ்சங்கொஞ்சமா கூட்டினேன். நடுவுல ஒரு நாள் ரெண்டு நாள் அதே அளவுலயும் நிறுத்தினேன். அவர் முழிச்சுக்கவே இல்ல. எழுந்து கடிகாரத்தப் பாத்துட்டு அவர் சிரிச்ச சிரிப்பு இருக்கே, அதுக்கு நான் நாள் முழுக்க ஆட்டுவேன்.

இப்ப டெப்போவுக்கெல்லாம் சொல்லி அனுப்பிட்டார். சட்டைய இஸ்திரி போட்டு மாட்டி வெச்சிருக்கார். இருபதாம் தேதி அந்த டாக்டர் முன்னாடி, அத்தன டிரைவருங்க முன்னாடி, கையத் தூக்குங்கன்னா என்ன பண்ணுவார்? நான் பண்ணினது தப்பா கண்ணு? நிறுத்தட்டுமா, வேணாமா? நீ சொன்னா செய்யறேன்.

அத்தை


ஜூன் 6

அன்புள்ள அத்தைக்கு,

நலமாக இருங்கள். மேல்வீட்டு டீச்சருக்கு என் நன்றி.

உங்கள் கடிதம் வந்து மூன்று நாளாகிறது. மூன்று நாளும் பதில் எழுதிக் கிழித்தேன்.

எங்கள் வேலையில் ஒரு காரியத்தை மட்டும் செய்யவே கூடாது. லிஃப்ட் கதவு சரியாக மூடவில்லையென்றால் லிஃப்ட் நகராது. அதற்கென்று கதவில் ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. சில இடங்களில் ஆட்கள் காத்திருக்கிறார்களே, பாவம் என்று, அந்த ஸ்விட்சுக்குக் குறுக்கே ஒரு ஒயர் போட்டு ஓட்டிவிடுவார்கள். எல்லோருக்கும் சந்தோஷம். ஒரு நாள் யாராவது கதவு திறந்திருக்கிறது, லிஃப்ட் வந்துவிட்டது என்று நம்பிக் காலை வைப்பார்கள்.

நிறுத்திவிடுங்கள் அத்தை.

இதை எழுதும்போது எனக்கு உங்கள் முகம்தான் தெரிகிறது. நீங்கள் செய்தது தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் அங்கே இருந்தால் நானும் ஆட்டியிருப்பேன். ஆனால் இருபதாம் தேதிக்கு முன்னால் அவருக்கே தெரிய வேண்டும், அந்த டாக்டர் வாயிலிருந்து அல்ல. வேறு யார் சொன்னாலும் நம்ப மாட்டார். அவர் ரிஜிஸ்டர் சொன்னால் நம்புவார்.

பதினெட்டாம் தேதி பரீட்சை முடிந்ததும் வருகிறேன். அவரிடம் சொல்ல வேண்டாம்.

உங்கள் பெண்


ஜூன் 12

மருமகளுக்கு,

ஜூன் 9 — 2.10
10 — 2.10
11 — 2.10

பரீட்சையை நன்றாகச் செய்.

மாமா


ஜூன் 27

அன்பு மருமகளுக்கு,

நீ பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்தாயா? வந்த நான்கு நாளில் மேல்வீட்டுக் குழாய், எங்கள் வீட்டு மிக்ஸி, டீச்சரின் தையல் மெஷின் எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டுப் போயிருக்கிறாய். தெருவே உன்னைக் கேட்கிறது. லைசென்ஸ் பரீட்சையை முடித்த பெண்ணுக்கு ஹாரன் அடிக்கப் பதினேழு பேருந்துகள் என்று சொல்லியிருந்தேன். ஒன்றுதான் அடித்தது. அதுவும் குறுக்கே மாடு வந்ததற்கு. மன்னித்துக்கொள்.

நீ இருந்தபோது நாம் கையைப் பற்றிப் பேசவில்லை. நீயும் கேட்கவில்லை. உன் நல்ல மனசு. எழுத்தில் சொல்வது எனக்குச் சுலபம்.

ஒன்பதாம் தேதி மறுபடி இரண்டு பத்துக்கு நின்றபோது, கடிகாரம் கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். பத்தாம் தேதியும் நின்றது. பழைய தாளை எடுத்து வைத்துப் பார்த்தேன். முப்பது வருடமாக நேரப்பட்டியல் பார்த்த கண் இது. எந்தப் பேருந்து நிஜமாகத் தாமதம், எது டிரைவர் டீக்கடையில் நின்ற தாமதம் என்று எண்களைப் பார்த்தே சொல்லிவிடுவேன். இந்த எண்கள் ரொம்ப ஒழுங்காக இருந்தன. ஏறி, கொஞ்சம் நின்று, மறுபடி ஏறி. உடம்பு அப்படி ஏறாது. அன்பான ஆள்தான் அப்படி ஏற்றுவாள். பதினொன்றாம் தேதி சாப்பிட்டபின் கேட்டேன்.

"எத்தன நாள்டி ஆட்டின?"

அவள் தட்டைக் கழுவிக்கொண்டே, "அம்பது நாள்" என்றாள். குழாயை மூடவே இல்லை.

நான் கோபிக்கவில்லை. இரண்டு நாள் அவளோடு பேசவில்லைதான், ஆனால் அது கோபம் இல்லை. பேச விஷயம் கிடைக்கவில்லை. எனக்கு! நீ நம்புவாயா?

ஐம்பது நாள் என் கையை ஒருத்தி எடுத்து, தூக்கி, ஆட்டி, மடியில் வைத்து, மறுபடி தூக்கியிருக்கிறாள். எனக்குத் தெரியவே இல்லை. டாக்டர் சொல்லி நம்பவில்லை, ஊசியால் குத்திக் காட்டி நம்பவில்லை. இதை நம்பினேன். தூக்கத்தில் ஒரு கொசு உட்கார்ந்தால் எழுந்துகொள்கிற ஆள் நான்.

நீதான் நிறுத்தச் சொன்னாய் என்று அத்தை சொன்னாள். சரியாகச் சொன்னாய். உன் இடத்தில் இருந்தால் நானும் அதையே எழுதியிருப்பேன், கொஞ்சம் அலங்காரமாக.

இருபதாம் தேதி இஸ்திரி போட்ட சட்டையோடு டெப்போவுக்குப் போனேன். நீ கூட வருகிறேன் என்றபோது வேண்டாம் என்று சொன்னது இதற்குத்தான். அந்த டாக்டர் சின்னப் பையன்.

"சார், இடது கையால இந்தப் பேப்பர எடுங்க பார்க்கலாம்."

"அது எடுக்காது தம்பி. நீங்க எழுதிக்குங்க."

"முயற்சி பண்ணிப் பாருங்க சார்."

"அஞ்சு மாசமா பண்ணிட்டு இருக்கேன். தாமதம் இல்ல தம்பி, தடமே ரத்து. எழுதுங்க."

எழுதினான். கையெழுத்து வாங்கினான். வெளியே டிரைவர்கள் நின்றிருந்தார்கள். நானே முந்திக்கொண்டு ஏதேதோ சொல்லிச் சிரிக்கவைத்தேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. நன்றாகச் சிரித்தார்கள் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

நீ கிளம்பிய மறுநாள் அத்தையைக் கூப்பிட்டு, கடிகாரத்தை வலது கைக்கு மாற்றச் சொன்னேன். இதில் ஒரு தொல்லை. இடது கையில் என்றால் நானே மாட்டிக்கொள்வேன், வலது கையில் வேறு யாராவதுதான் மாட்ட வேண்டும். மாட்டினாள். நான்கு நாளாகிறது. இரவும் பகலும் ஓடுகிறது. ஒரு முறைகூட நிற்கவில்லை. ஒரு நிமிடம் முந்தவில்லை, பிந்தவில்லை. இவ்வளவு குறைந்த விலையில் இப்படி ஒரு கடிகாரம் கிடைக்காது. யாராவது கேட்டால் தைரியமாக இதையே சொல். முதல் இரண்டு நாள் அதைப் பார்க்கும் துணிவு எனக்கு வரவில்லை.

நோட்டை மூடிவிட்டேன்.

கழற்றிய கையில் சங்கிலித் தடம் பதிந்திருக்கிறது. அத்தை தினமும் சாப்பாட்டுக்குப் பின் அந்த இடத்தில் எண்ணெய் தேய்க்கிறாள். முன்பென்றால் அந்த நேரத்தில் நான் தூங்கிவிடுவேன். இப்போது தூங்குவதில்லை. கண்ணை மூடினால் அவள் தேய்க்கிறாளா, நிறுத்திவிட்டாளா என்று எனக்குத் தெரியாது. அதனால் அவள் முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்,
மாமா